பால் பெருகும் வரை: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 2

காலையில் குழந்தையின் எடை பார்த்தார்கள். பிறந்தபோது 2,800 கிராம், இன்று 2,540. ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல் இறங்கியிருக்கிறது. முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்புதான், 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே கவனிக்க வேண்டும் என்றார் குழந்தை மருத்துவர். 37 வாரத்தில் பிறந்தவள். மார்பில் வாய் வைத்த சிறிது நேரத்திலேயே கண் செருகிவிடுகிறது. போதிய பால் உள்ளே போகாததால் சோர்ந்து தூங்குகிறாள். தூங்குவதால் இன்னும் குறைவாகவே குடிக்கிறாள்.

அழுதால் மட்டும் கொடுப்பது என்பது இவளுக்கு இப்போது பொருந்தாது. பகலோ இரவோ இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறையாவது மார்பில் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்தபின் மீதியைக் கையால் பிழிந்து கரண்டியில் புகட்ட வேண்டும். அதற்கும் மேல் தேவைப்படுவதற்கு மட்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் பவுடர் பால். "முதலில் குழந்தைக்குப் பசியாற வேண்டும், கூடவே உங்கள் சுரப்பும் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெரிய தெம்பு.

மார்ச் 2, இரவு

செவிலியர் அக்கா அருகில் உட்கார்ந்து சீம்பால் பிழியச் சொல்லிக் கொடுத்தார். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றிய கரிய பகுதியின் ஓரத்தில். முதலில் நெஞ்சுக் கூட்டை நோக்கி உள்ளே அழுத்த வேண்டும், பிறகு விரல்களை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும், பிறகு தளர்த்த வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது. காம்பையே பிடித்து இழுக்கக் கூடாது. நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு காம்பின் நுனியில் கெட்டியான மஞ்சள் துளி ஒன்று திரண்டு நின்றது. அதைக் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுத்தார். அடுத்தது, அதற்கு அடுத்தது. கரண்டியில் அரைவாசி சேர்ந்ததும் அவள் கீழுதட்டில் வைத்தோம். தூக்கத்திலேயே நாக்கை நீட்டி நக்கினாள்.

இந்த நாட்களில் சீம்பால் சில மில்லிகள்தான் வரும். அளவு சிறியதென்று யாரும் அதை அற்பமாக எண்ண வேண்டாம். நோய் எதிர்ப்புப் பொருட்கள் செறிந்து கிடப்பது அதில்தான்.

மார்ச் 4

மார்பு கனத்துச் சூடேறியிருக்கிறது. பால் இறங்கிவிட்டது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் சரிகிறது. அதுவரை அடங்கியிருந்த புரோலாக்டின், அதாவது பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், வேலையைத் தொடங்குகிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு இது சற்றுத் தாமதப்படலாம், எனக்கும் அப்படித்தான்.

ஆனால் மார்பு விம்மியதில் காம்பைச் சுற்றிய பகுதி இறுகிப்போய், அவளால் கவ்வவே முடியவில்லை. வழுக்கி வழுக்கி விட்டாள். விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து ஒரு நிமிடம் மெல்ல உள்நோக்கி அழுத்தினால் அந்த இடம் இளகும் என்றார் அக்கா. இளகியது. அதன் பிறகு குழந்தையின் மூக்குக்கு நேராகக் காம்பை வைத்து, அவள் வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தேன். கொட்டாவி அளவுக்குத் திறந்த நொடியில் அவளை மார்பருகே கொண்டுவந்தேன். மோவாய் மார்பில் அழுந்தியது, கீழுதடு வெளியே மடங்கியது, கரிய வட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிந்தது. முதலில் வேகமான சின்னச் சின்ன உறிஞ்சல்கள். பிறகு தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, தொண்டையில் விழுங்கும் ஓசை. வலியே இல்லை. அந்த ஓசைக்காக எத்தனை இரவு வேண்டுமானாலும் விழித்திருக்கலாம்.

உறிஞ்சல் தளரும்போது மார்பை உள்ளங்கையால் சற்று அழுத்திப் பிடித்தால் பால் பாய்ந்து மறுபடி விழுங்கத் தொடங்குகிறாள். அதுவும் ஓய்ந்தால் அடுத்த பக்கம் மாற்றுகிறேன்.

மார்ச் 5

"ஒரு வேளை விட்டுக் கொடும்மா, மார்பு நன்றாக நிறையட்டும்" என்றார் அத்தை. அன்பால் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. பால் தேங்கி நின்றால் 'சுரந்தது போதும்' என்ற செய்திதான் சுரப்பிக்குப் போகிறது. காலியாகக் காலியாக வேகம் கூடுகிறது. "நிறைய வேண்டும் என்றால் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும், அத்தை" என்று சொன்னேன். தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இறைத்த கிணறுதானே ஊறும், அண்ணி" என்றதும் அத்தை தலையசைத்தார். நான் விளக்கிய அத்தனையும் அந்த ஒரு பழமொழியில் அடங்கிவிட்டது.

இரவு நேரப் பாலூட்டலையும் விட முடியாது. புரோலாக்டின் இரவில்தான் உயர்ந்திருக்கும். அதனால் நானும் கணவரும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். டயப்பர் மாற்றுவது, குழந்தையை எழுப்பி என்னிடம் கொடுப்பது, பால் எடுக்கும் பம்பின் பாகங்களைக் கழுவுவது, நோட்டில் எழுதுவது எல்லாம் அவர். பால் கொடுப்பது மட்டும் நான். பகலில் அவளை வெறும் டயப்பரோடு என் நெஞ்சின்மேல் கிடத்தி, மேலே துணி போர்த்திக்கொள்கிறேன். அப்படிக் கிடந்தால் தானாகவே தலையைத் திருப்பி மார்பைத் தேடுகிறாள்.

மார்ச் 7

2,610. ஏறியிருக்கிறது, ஆனால் மெதுவாக. நோட்டைப் பார்த்த மருத்துவருக்குத் திருப்தி: 24 மணி நேரத்தில் ஆறு டயப்பர் நன்றாக நனைந்திருக்கிறது, மலம் கறுப்பு மாறிப் பச்சையாகி இப்போது மஞ்சளாகிவிட்டது. பவுடர் பாலின் அளவைச் சற்றுக் குறைத்தார்.

எனக்குத் தைராய்டு பரிசோதனைக்கும் எழுதினார்கள். பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது, நஞ்சுக்கொடித் துண்டு ஏதும் உள்ளே தங்கியிருக்குமா, முன்பு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். குழந்தையின் நாக்கைத் தூக்கி, அடியில் உள்ள சவ்வு இழுத்துப் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். இப்படிக் கேட்டது மிகவும் சரி. சில காரணங்கள் தாயின் முயற்சிக்குக் கட்டுப்படாதவை. அவற்றைத் தேடிப் பார்க்காமல் "மனசு வைத்தால் பால் வரும்" என்று சொல்வது கொடுமை. எவ்வளவு முயன்றும் முழு அளவு சுரக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் கொஞ்சமும் குழந்தைக்கு நன்மைதான், புட்டியில் போவதும் உணவுதான்.

மார்ச் 9

பம்பின் புனலை என் அளவுக்கு மாற்றினோம். பழையதில் காம்பு ஓரத்தில் உராய்ந்து சிவந்துகொண்டிருந்தது. மாற்றியபின் வலி இல்லை, பாலும் கூடுதலாக வருகிறது.

மார்ச் 11

மாலை ஆறு மணிக்குத் தொடங்கியவள் ஒன்பது வரை விடவில்லை. குடிப்பாள், விடுவாள், சிணுங்குவாள், மறுபடி தேடுவாள். "பால் போதவில்லை, பாவம்" என்று அத்தைக்கு மனம் தாங்கவில்லை. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நோட்டைத் திறந்து பார்த்தேன்: டயப்பர்கள் நேற்றைப் போலவே நனைந்திருக்கின்றன, மலம் நாலு முறை. உள்ளே போகாமல் இவ்வளவு வெளியே வராது. மாலையில் அடுத்தடுத்துக் குடிப்பது பச்சிளம் குழந்தைகளின் இயல்பு. இரண்டு, மூன்று வார வயதில் வளர்ச்சி வேகமெடுக்கும்போதும் இப்படிக் கேட்பார்கள். அவள் கேட்பதை மார்பு கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அவள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பம்ப் செய்தேன். 20 நிமிடம் பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப். குழந்தை அடுத்தடுத்துக் குடிப்பதைப் போலவே உடம்பு இதையும் எடுத்துக்கொள்ளும் என்பதற்காக. கடைசிச் சுற்றில் சில துளிகளே வந்தன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இதன் பலன் அன்றைக்கே தெரியாது, சில நாள் தொடர்ந்து செய்தால்தான் தெரியும்.

மார்ச் 14

2,800! பிறந்த எடைக்கு வந்துவிட்டாள். கடந்த வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 27 கிராம். பவுடர் பால் இனி மாலையில் ஒரு வேளை மட்டும்.

பால் பெருக மாத்திரை இருக்கிறதாமே என்று கேட்டேன். டோம்பெரிடோன் என்ற அந்த மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கலாம், அதனால் பரிசோதிக்காமல் தருவதில்லை என்றார் மருத்துவர். பாலை வெளியேற்றாமல் எந்த மாத்திரையும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மார்ச் 19

மார்பு மென்மையாகிவிட்டது, முன்போல் கசிவதும் இல்லை. "வற்றிவிட்டதோ" என்றார் அத்தை. இல்லை. ஆரம்ப வீக்கம் வடிந்து, தேவைக்கேற்ற சுரப்பு படிகிறது. அவள் விழுங்கும் ஓசையை அத்தையையே அருகில் வந்து கேட்கச் சொன்னேன்; கேட்டுவிட்டு அவள் பாதத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மாலைப் பவுடர் பாலும் நேற்றோடு நின்றது, மருத்துவர் சொல்லித்தான். இனி பம்பைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் பால் கட்டிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றாக, இடையில் சில நாள் விட்டு. முதலில் நண்பகல் பம்பை விடுகிறேன். இரவில் அவள் குடித்தபின் எடுப்பதைக் கடைசியாகத்தான் விடுவேன்.