வரைபுத்தாளில் இரண்டு கோடுகள்

பதினொராம் வகுப்பில் நாங்கள் நால்வர் சேர்ந்து மூங்கிலில் செய்த முதல் வில், நாணேற்றிய மூன்றாவது இழுப்பிலேயே சிம்பு சிம்பாகக் கிளம்பி முறிந்தது. அழகாக இருக்கட்டும் என்று வெளித்தோல் முழுவதையும் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியிருந்தோம். முறிந்த துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த எங்கள் பௌதிக ஆசிரியர், வில் வளையும்போது குறியை நோக்கிய முகம் இழுபடுகிறது, எய்பவரை நோக்கிய முகம் அமுங்குகிறது என்றும், இழுவையைத் தாங்கும் நார்கள் தோலை ஒட்டியே நெருக்கமாக ஓடுவதால் உட்புறத்தை மட்டுமே சீவவேண்டும் என்றும் விளக்கினார்.

இரண்டாவது வில்லுக்கு நாங்கள் அவசரப்படவில்லை. சுவராணியில் தொங்கவிட்டு நாணை மெல்ல இழுத்துப் பார்ப்பதும், பிடிக்கு மேலும் கீழுமுள்ள வில்லின் இரு கைகளும் ஒரே அளவில் வளையாவிட்டால் விறைப்பான பக்கத்தை மறுபடி சுரண்டுவதுமாக ஒரு வாரம் போயிற்று. நைலோன் கயிறு இழுபட்டு நீண்டுபோனதால் பொலியெஸ்டர் நூலை முறுக்கி நாண் செய்தோம். ஆசிரியர் அந்த நாணில் விற்றராசைக் (சுருளின் நீட்சியால் பாரம் காட்டும் தராசு) கொளுவி, 5 செ.மீ.க்கு ஒரு முறை அளவெடுக்கச் சொன்னார். 50 செ.மீ. இழுப்பில் 9 கிலோகிராம் காட்டியது. இழுத்த தூரத்துக்கு எதிரே பாரத்தை வரைபுத்தாளில் குறித்தபோது புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறின. அக்கோட்டின் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பே வில்லில் சேர்ந்த சக்தி, ஏறத்தாழ 22 யூல், என்று அவர் சொன்னதும் அதைப் பென்சிலால் நிழலிட்டேன். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்து வந்த இடத்தில், கொம்பவுண்ட் வில்லொன்றை முதன்முதலாக இழுத்தேன். தொடக்கத்திலேயே பாரம் விறுவிறுவென ஏறி, உச்சத்தில் சிறிது தூரம் நிலைத்து, கடைசியில் சட்டென இலேசாயிற்று. அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹொலஸ் வில்பர் அலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குறுகிய, விறைப்பான இரு கைகளின் முனைகளிலும் அச்சு நடுவில் அமையாத சில்லுகள் உள்ளன; ஒரு தவாளிப்பில் நாணும், மற்றதில் எதிர்முனையோடு இணைந்த வடமும் ஓடுகின்றன. சில்லு சுழலச் சுழல, அச்சிலிருந்து நாணுக்குள்ள தூரம் கூடுகிறது, வடத்துக்குள்ள தூரம் குறைகிறது. அதனால் வில்லின் கைகள் முழு வளைவில் இறுகி நிற்கும்போதே நம் விரல்களுக்கு வரும் பாரம் குறைந்துவிடுகிறது. குறிபார்க்க அவகாசம் கிடைப்பது இதனால்தான். இத்தனை சக்தி தேங்கியிருப்பதால், அம்பின்றி நாணை விடாதே என்று ஆசிரியர் அன்று விதித்த கட்டளை இந்த வில்லுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்: ஏந்திச் செல்ல அம்பு இல்லாத சக்தி வில்லின் கைகளையும் வடங்களையுமே உடைக்கும்.

அன்றிரவு பழைய தாளிலேயே அந்த வில்லின் அளவுகளைச் சிவப்பு மையால் குறித்தேன். எங்களுடையது முக்கோணம், இதுவோ உச்சி தட்டையான மேடு. உச்ச பாரம் 25 கிலோகிராம். எங்கள் பென்சில் கோடு 9 கிலோகிராமில் முடியும் அதே 50 செ.மீ. இடத்தில், சிவப்புக் கோடு அதற்கும் கீழே, 5 கிலோகிராமில் நிற்கிறது.