பூஸ்டைக் குறைத்த காலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்பு வெளியில் ஆகஸ்ட் மாதம் ஸ்பீட் வீக் என்ற வேகச் சாதனை ஓட்டங்கள் நடக்கும். டர்போ, அதாவது புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, வைத்த ஒரு காருக்கு இன்ஜினைச் சரிப்படுத்தும் டியூனராக நான் முதன்முறை அங்கே போனபோது தெம்பாகத்தான் இருந்தேன். சக்கரத்தை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோவில் எங்கள் இன்ஜின் 22 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 22 பவுண்டு) பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை, அலுங்காமல் தாங்கியிருந்தது. பான்வில் சுமார் 4,200 அடி உயரத்தில் இருப்பதால் காற்று அடர்த்தி குறைவு. அதையும் டர்போ ஓரளவு ஈடுகட்டிவிடும். வேறென்ன வேண்டும்?

முதல் ஓட்டத்தில் மூன்றாம் கியரிலேயே ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) விறுவிறுவென ஏறியது. "நல்லா இழுத்துச்சு" என்றார் டிரைவர். எனக்கும் பெருமைதான். அப்புறம் லேப்டாப்பில் பதிவைத் திறந்தேன். பின்சக்கரத்தின் வேகம் மணிக்கு 232 மைல், ஜிபிஎஸ் காட்டிய வேகம் 205. கார் போனதைவிடச் சக்கரம் 13 சதவீதம் அதிகமாகச் சுழன்றிருக்கிறது. இழுவை என்று நாங்கள் கொண்டாடியது வெறும் வழுக்கல்.

தார்ச் சாலையின் பிடிப்பு உப்பில் கிடைக்காது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளும் விசை முழுவதும் டயர் வழியாகத்தான் தரைக்குப் போக வேண்டும். அதனால் கொஞ்சம் வழுக்கல் எப்போதும் இருக்கும். ஆனால் இருக்கும் பிடிப்பையெல்லாம் சுழல்வதிலேயே செலவழித்துவிட்ட டயர், பக்கவாட்டில் காரைப் பிடித்து வைக்காது. ஒரு பக்கக்காற்று போதும், வால் முன்னால் வந்துவிடும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும் அதே கதிதான்.

குழுத் தலைவர் உப்பிலேயே தலை நரைத்தவர். பதிவைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இன்னும் ஈயம் ஏத்து" என்றார். கிராம் கணக்கில் எடை குறைத்துப் பழகிய எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் இங்கே ஓட மைல் கணக்கில் இடம் இருக்கிறது. எடை கூடினால் வேகம் பிடிக்கத் தாமதமாகுமே தவிர, உச்ச வேகத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. டயருக்கோ உப்பை அழுத்திப் பிடிக்க எடை கிடைக்கிறது.

மீதி என் தவறு. டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுக்குள் வைக்கும் வால்வுதான் வேஸ்ட்கேட். எங்களுடையதில் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்தால் 8 பிஎஸ்ஐ. அதன் மேல்மூடிக்குள் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வால்வு திறக்கத் தாமதமாகி பூஸ்ட் ஏறும். மூன்றாம் கியர் விழுந்ததுமே 22-க்குத் தாவும்படி வைத்திருந்தேன். டைனோ உருளையில் அது அழகு. ஈர உப்பில் டயரை உதைப்பதுபோல. அன்றிரவு மாற்றினேன்: மூன்றாம் கியரில் 14, நான்காம் கியரில் பல வினாடிகளில் மெல்ல ஏறி 19. அதற்குமேல் ஒரு பிஎஸ்ஐ கூட இல்லை. குறைத்த ஒவ்வொரு எண்ணும் வலித்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலை ஓட்டம் முடிந்து, பாராசூட்டை மடித்துக்கொண்டிருந்த எங்களிடம் டிரைவர் முகம் சுளித்தபடி வந்தார். "இன்னைக்கு வண்டி ரொம்ப மந்தம். என்ன பண்ணி வச்சீங்க?"

தலைவர் பதில் சொல்லாமல் நேரச் சீட்டை நீட்டினார். 211. நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்: சக்கரம் 226, வழுக்கல் 7 சதவீதம்.

"சரி, இன்னும் 2 பிஎஸ்ஐ குறைச்சுப் பாப்போமா?" என்றார் டிரைவர்.