சூட்டி வரும்வரை

ஜனவரி 3

மழைமானியில் 41 மில்லிமீற்றர். ஹட்டன் பக்கம் வெயில் எறிக்கிறதாம். வடகீழ்ப் பருவக்காற்று ஊவாச் சரிவை விட்டுப் போகும்வரை அப்புத்தளைக்கு இதுதான் கதி. மே பிறந்தால் முறை மாறும், அவர்கள் நனைவார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் விருந்தினருக்காகப் போட்டிருக்கும் பெரிய கூடாரத்தின் வடக்குத் தையலில் சொட்டு. கட்டிலுக்கு நேர் மேலே.

ஜனவரி 4

சொட்டு நிற்கவில்லை.

ஜனவரி 5

காரணம் தெரிந்துவிட்டது. போன முறை கூடாரத்தைக் கழுவிய பையன் சலவைத்தூள் போட்டுத் தேய்த்திருக்கிறான். பருத்திக் கான்வஸுக்குச் சலவைத்தூள் ஆகாது. துணியில் ஏற்றியிருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சை அது கழற்றிவிடும். அதன் பிறகு மழைத்துளி உருண்டு ஓடாது, துணிக்குள் இறங்கும். தையல் ஊசித்துளைதான் அதற்கு முதல் வாசல்.

புதுத் துணியிலும் தையல் கசியும், ஆனால் அது வேறு கதை. நன்றாக நனைத்து முழுதாகக் காயவிட்டு, இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நூல் ஊதித் துளையை அடைத்துக்கொள்ளும். இது பூச்சுப் போன கூடாரம். வெயில் வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, காயவைத்து, பூச்சு மருந்தைத் தூரிகையால் தையலுக்கு இரண்டு கை, மற்ற இடத்துக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். அதுவரை தையலின் உட்பக்கம் தேன்மெழுகைத் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்திச் சூடேற்றினால் ஓரளவு பிடிக்கும். மெழுகு வெள்ளையாகத் தெரியக் கூடாது. துணியின் நிறத்தோடு கரையும்வரை அழுத்த வேண்டும்.

ஜனவரி 6

அக்கா தொலைபேசி எடுத்தார். பதினெட்டாம் திகதி வருகிறார்கள், அத்தானின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு. "சூட்டிய விட்டுட்டு வர ஏலாது" என்றார். பதினொரு வயது நாய். பின்னங்கால் பிடிப்பு. கொழும்பு வெக்கையில் வளர்ந்தது.

வரட்டும். ஆனால் இப்போதே சொல்லி வைக்க வேண்டியவை உண்டு. விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்க வேண்டும், திகதி தாண்டியிருக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோட்டத்துக் கானில், அதாவது வடிகாலில், தேங்கிய தண்ணீரை எந்த நாயும் நக்கும். உண்ணி மாத்திரையைப் புறப்படும் அன்று கொடுத்துப் பலனில்லை, மூன்று நாலு நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். இங்கே உண்ணிக் காய்ச்சல் நாயைச் சாகடிக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகும் மூன்று வாரம் அதன் ஈறு வெளிறுகிறதா, சாப்பாட்டை வெறுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சிறுத்தைதான் மனதை அரிக்கிறது.

தோட்டத்தில் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள். தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் அது இரவில் நடக்கும், நாய் அதற்கு எளிய இரை. வெளியே சங்கிலியில் கட்டிய நாய் தப்பி ஓடவும் முடியாது. மாலை ஆறு முதல் காலை ஆறு வரை சூட்டி கூடாரத்துக்கு உள்ளே. மூத்திரம் போக வேண்டுமென்றால் கயிறு கையில், டோர்ச் கையில், ஆள் கூடவே. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஜனவரி 7

கதவு ஜிப். நாய் மூக்கால் நெம்பினால் இரண்டு இழுப்பானும் விலகி ஒரு சாண் வழி திறக்கும். இரண்டையும் ஒரு சிறிய கொளுக்கியில் கோர்க்க வேண்டும். கொளுக்கி இல்லை, வாங்க வேண்டும்.

ஜனவரி 8

அக்கா மறுபடி. அத்தானுக்கு என்ன வாங்குவது? கிளாம்பிங், அதாவது வசதியான கூடாரத் தங்கல், என்றால் உயிரை விடுகிறவருக்கு எல்லாரும் மின்மினி லைட் மாலைதான் கொடுப்பார்கள். அவரிடம் நாலு இருக்கும். இரவு இரண்டு மணிக்குக் கூடாரத்தில் எது கைகொடுக்காமல் போகும் என்று யோசித்துத்தான் பரிசு வாங்க வேண்டும்.

முதலில் காபன் மொனொக்சைட் அலாரம். இதைப் பரிசு என்று யாரும் நினைப்பதில்லை, நான் முதலாவதாக இதைத்தான் சொல்வேன். பற்றரியில் ஓடுவது, எண் காட்டுவது. படுத்திருக்கும் தலை உயரத்தில் வைக்க வேண்டும், கூரையில் தொங்கவிடக் கூடாது.

இரண்டாவது, பால்மா டின் ஒன்றில் பழுதுபார்க்கும் சாமான். வளைந்த ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல் 10 மீற்றர், அதே எடைக் கான்வஸ் துண்டு 20 சென்ரிமீற்றர் சதுரத்தில் இரண்டு, தேன்மெழுகுக் கட்டி, கயிறு இறுக்கும் கட்டைகள் நாலு, ஒரு மெழுகுதிரி. மெழுகுதிரி ஜிப் பல்லில் தேய்க்க. கடையில் இப்படிச் சேர்த்து விற்கமாட்டார்கள், தேடிச் சேர்க்க வேண்டும். வேலை தெரிந்தவருக்கு அந்த டின்னைத் திறக்கும்போதே முகம் மலரும்.

கம்பளி. பருத்திப் போர்வை இந்த மூடுபனியில் மாலையிலேயே ஈரம் குடித்துக் கனக்கும். கம்பளி ஈரத்திலும் சூடு வைத்திருக்கும்.

தலையில் கட்டும் டோர்ச், சிவப்பு வெளிச்சமும் உள்ளது. வெள்ளை வெளிச்சம் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பும்.

மின்போர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 60 வாட் போர்வை இரண்டு எட்டு மணித்தியாலம் ஓடினால் 960 வாட்-மணி. 12 வோல்ற் 100 அம்பியர்-மணி லிதியம் பற்றரி கிட்டத்தட்ட 1,280. இன்வேட்டர் தின்பதும் போனால் ஒரே இரவில் முடிந்தது. மூடுபனி நாளில் 100 வாட் சூரியத் தகடு அதில் கால்வாசியைக்கூடத் திருப்பித் தராது. 2 லீற்றர் றப்பர் சுடுதண்ணிப் பை இரண்டு போதும். முக்கால்வாசிக்குக் குறைவாக நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்க வேண்டும். கொதிதண்ணீர் ஊற்றக் கூடாது, றப்பர் வெடிக்கும். சூட்டிக்கு ஒன்று என்றால் துவாயில் இரண்டு சுற்று. கடிக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

தேயிலை கொடுப்பதென்றால் பெரிய டின் வேண்டாம், 50 கிராம் பொதியாக மூன்று நாலு. ஊவாவின் நல்ல காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கச்சான் காற்று காய்ச்சி எடுக்கும்போதுதான் அந்த வாசம் கொழுந்தில் ஏறும். இப்போது நல்லது வரத் தொடங்குவது திம்புளைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை. நம் பக்கத்துத் தேயிலையை விட்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் அதுதான் சரி.

வாசனை மெழுகுதிரியும் எண்ணெய் ஆவி விளக்கும் கூடவே கூடாது. நுவரெலியாவில் வாங்கும் யூக்கலிப்டஸ் தைலத்தை நாய் நக்கினால் வாந்தி, தள்ளாட்டம். மூடிய கூடாரத்தில் அந்த நெடியே அதன் மூக்குக்குத் தண்டனை.

ஜனவரி 9

மழைமானியில் 68.

ஜனவரி 10

83. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 தாண்டினால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் நிற்கவே கூடாது. மேல் கூடாரத்துக்குப் பின்னால் மண்வெட்டு இருக்கிறது. அந்தக் கூடாரத்தை மூடிவிட்டோம். வெட்டின் மேல்விளிம்பில் புது வெடிப்பு, அடியில் கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம், இந்த மூன்றையும் நாளைக்கு இரண்டு தரம் பார்க்கிறோம். இதுவரை இல்லை.

மாலையில் கயிறு எல்லாவற்றையும் ஒரு விரல் தளர்த்தினோம். பருத்தி நனைந்தால் இறுகும். தளர்த்தாவிட்டால் ஈரமண்ணிலிருந்து முளை பிடுங்கிக்கொள்ளும். கூடாரத்தோடு வந்த 30 சென்ரிமீற்றர் முளை இந்தச் சரிவில் செல்லாது. 45 சென்ரிமீற்றர் முறுக்குக்கம்பி, தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கம்பித் தலை ஒவ்வொன்றிலும் பழைய டெனிஸ் பந்தைக் குத்தி விட்டோம். இருட்டில் ஓடும் நாயின் நெஞ்சைக் கிழிப்பது அந்தக் கம்பித் தலைதான்.

ஜனவரி 11

12. வெளிச்சம் வருகிறது.

சுவரின் அடியில் கரும்புள்ளி. பூஞ்சணம். பிளீச் போட்டால் புள்ளி போகும், துணியும் சேர்ந்து இற்றுப்போகும். வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, மெல்லிய தூரிகை. பிறகு நாள் முழுக்கக் காற்று.

புள்ளி எங்கே என்று பார்த்தால் போன மாதம் வந்த நாய் படுத்த மூலை. நனைந்த கான்வஸில் உள்ளிருந்து எது அழுத்திக்கொண்டிருந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இழுபடும். நாய்க்கோ சுவரில் முதுகைச் சாய்த்தால்தான் தூக்கம். ஆக சூட்டியின் படுக்கை சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கட்டிலின் பக்கவாட்டில். சாய்ந்துகொள்ளக் கட்டில் பலகை இருக்கும்.

ஜனவரி 12

இரவு 9 பாகை. அத்தான் பழைய வழக்கப்படி சிரட்டைக் கரிச் சட்டியை உள்ளே எடுத்து வைப்பார். அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன், மூன்றாம் முறை அத்தானிடமே சொன்னேன். கரி சிவந்து புகையில்லாமல் இருக்கும்போதும் காபன் மொனொக்சைட் வரும். மணமில்லை, நிறமில்லை, தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். சட்டியை வாசலுக்கு வெளியே, மூன்று மீற்றர் தள்ளி வைக்கலாம். அணைந்த சட்டியையும் உள்ளே கொண்டுவரக் கூடாது, சாம்பலுக்கு அடியில் கனல் இருக்கும்.

வெளி அடுப்புக்குக் கவ்வாத்துக் குச்சி நல்லது. சின்னதாக இருந்தாலும் சூடு நிற்கும். யூக்கலிப்டஸ் விறகு பொறி தெறிக்கும், கூரைத் துணியில் ஊசித்துளை விழும்.

ஜனவரி 13

எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருக்கிறார்கள். ஹோர்ட்டன் சமவெளி இல்லை. தேசிய பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள், விடாததும் சரிதான். நாய் கொண்டுவரும் நோய் அங்குள்ள மிருகங்களைத் தாக்கும். ஒருவர் சூட்டியோடு கூடாரத்தில் நிற்க, மற்றவர்கள் விடிய முன் போய் உலக முடிவைப் பார்த்து வரட்டும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கைப் பனி மூடிவிடும்.

தியலும மேல் குட்டைகளும் வேண்டாம். 220 மீற்றர் விழும் தண்ணீர், பாசிப் பாறை, காலில் பிடிப்புள்ள நாய். யோசிக்கவே வேண்டாம்.

தம்பத்தன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற்றுக்கு ஏறும் 7 கிலோமீற்றர் பாதை நல்லது, ஆனால் முழுதும் சூட்டிக்கு அதிகம். மேலே வரை வாகனத்தில் போய், இறக்கத்தில் ஒரு கிலோமீற்றர் நடக்கலாம். கயிறு 2 மீற்றர், நீட்டிச் சுருங்குவது அல்ல. தேயிலைக்குள் இறங்கவே விடக்கூடாது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருக்கும். செடியடியில் சருகு நிறத்தில் குட்டை விரியன் சுருண்டிருக்கும், அதன் கடிக்கு இங்கேயுள்ள விஷமுறிவு மருந்து பலிக்காது. மருந்தடித்த மலையில் நடந்த பாதத்தை நாய் நக்கும். அன்று எந்த மலையில் மருந்து என்று கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள். குளவிக்கூடு எந்த மரத்தில் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். நாய் குரைத்துக் குளவி கலைந்தால் கொட்டு வாங்குவதும் அவர்கள்தான்.

ஜனவரி 14

கொளுக்கி இன்னும் வாங்கவில்லை.

ஜனவரி 15

பொங்கல். வெயில்! தையலுக்குப் பூச்சு இரண்டாம் கையும் ஆயிற்று. ஒரு போத்தல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், முத்து முத்தாக உருண்டு ஓடியது.

பானையைப் பார்த்ததும் ஞாபகம் வந்து அக்காவுக்கு எடுத்தேன். சர்க்கரைப் பொங்கலில் ஒரு பிடி சூட்டிக்கும் வைப்பார்கள். கடையில் பிளம்ஸ் என்று தரும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று படுத்துவிடும். போட முன் ஒரு கரண்டி எடுத்து வைத்திருந்தாராம். நிம்மதி.

ஜனவரி 16

அட்டை. ஈரம் காய இன்னும் நாலு நாள் ஆகும், அதுவரை புல்லெல்லாம் அட்டை. நடந்து வந்ததும் சூட்டியின் விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு, உதட்டு ஓரம், மூக்குத்துவாரம், இந்த வரிசையில் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் முதலில் கறுத்த நூல்போலத்தான் தெரியும், குடித்த பின் திராட்சை. மெலிந்த முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைத் தட்டையாகச் சரித்துத் தள்ளினால் விடும், பிறகு தடித்த முனையைத் தள்ளலாம். பிய்த்து இழுத்தால் புண் வைக்கும். உப்பைக் கொட்டினால் நாய் அதை நக்கும். இரத்தம் உடனே நிற்காது, உறையவிடாத சாற்றை அது விட்டிருக்கும். துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மனிதர் காலுக்குச் சவர்க்காரத்தைக் காலுறைமேல் உலர்வாகத் தேய்த்தால் அட்டை ஏறாது.

ஜனவரி 17

கொளுக்கி வந்தது. மாட்டி, இழுத்து, முழங்காலால் நெம்பிப் பார்த்தேன். திறக்கவில்லை.

கீழ்விரிப்பின் மேல் தும்புப் பாய். சூட்டியின் நகம் நேரே விரிப்பில் படக் கூடாது. படுக்கை 15 சென்ரிமீற்றர் உயரக் கட்டில், மேலே மடித்த கம்பளி. நாய்க் கோட்டின் அளவு கழுத்தடியிலிருந்து வாலடி வரை, அக்கா 52 என்றார். ஈரமானால் மாற்ற இன்னொன்று வேண்டும்.

விடிய நாலுக்குப் புறப்படுகிறார்கள். சூட்டிக்கு இரவு பத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. பலாங்கொடைக்கு மேல் வளைவுகளில் வெறும் வயிறுதான் நல்லது. தண்ணீர் மட்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம்.

ஜனவரி 18

மழைமானி 0.

காலை 8.40. இரத்தினபுரியில் சூட்டி இறங்க மறுத்ததாம். தண்ணீரும் குடிக்கவில்லை. மேல்மூச்சு இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பா என்று கேட்டேன். இளஞ்சிவப்புத்தான் என்றார் அக்கா. விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், பார்க்கச் சொன்னேன். திரும்பியதாம்.

10.25. பெரகல சந்தி. குடித்துவிட்டது.

சுடுதண்ணி வைத்தாயிற்று. வான் வந்து நின்றதும் கதவைத் திறக்க முன் கயிற்றைப் பூட்டச் சொல்ல வேண்டும், மேல் லயத்து, தொழிலாளர் வரிசை வீட்டு, நாய்கள் மூன்றும் கேற்றடியிலேயே