வெந்நீர்த் தொட்டியின் ஆயுள்: சில நாட்குறிப்புகள்

2025 நவம்பர் 3

கீசரைப் போட்ட சிறிது நேரத்தில் உள்ளிருந்து படபடவென்று பொரியும் சத்தம் வருகிறது. வெந்நீரும் முன்புபோல் நெடுநேரம் தாங்குவதில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், தயாரிப்பு ஆண்டு 2013 என்றிருந்தது. தொட்டியில் நீரைச் சேமித்துச் சூடாக்கும் இவ்வகைக் கீசர்களுக்கு 8 முதல் 12 ஆண்டுகள் வரை ஆயுள் உண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனமில்லை. நல்ல தண்ணீர் வாய்த்த கீசர்கள் அந்தக் கணக்கைத் தாண்டியும் உழைக்கின்றன, உப்புத் தண்ணீரில் ஓடுபவை அதற்கு வெகு முன்பே கைவிட்டுவிடுகின்றன.

நவம்பர் 5

சத்தத்துக்குக் காரணம் உப்புப் படிவுதான். பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும்; சுண்ணாம்பு உப்பான கால்சியம் கார்பனேட்டோ நீர் சூடாகச் சூடாகப் பிரிந்து, நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலின் மேலும் தொட்டியின் அடியிலும் படிந்துவிடுகிறது. அந்தப் படிவுக்கு அடியில் சிக்கிக்கொண்ட நீர் ஆவியாகிக் குமிழ்விட்டு வெளியேறும்போதுதான் பொரியும் சத்தம் எழுகிறது. படிவு இடத்தை அடைத்துக்கொள்வதால் தொட்டியில் கொள்ளும் நீரும் குறைந்துபோகிறது.

காயிலை மாற்றினால் போதாதா என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அழுத்தம் கூடினால் நீரை வெளிவிடும் சேஃப்டி வால்வு, இணைப்பில் நீர் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் ஆகிய எல்லாமே கழற்றி மாற்றக்கூடிய உதிரிப்பாகங்கள். கீசரைப் போட்டதும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுந்தால்கூட, காயிலின் உறை வெடித்து மின்சாரம் கசிகிறதா என்று பார்த்து, அதை மட்டும் மாற்றிவிட்டுத் தொடரலாம். மாற்ற முடியாதது உள்தொட்டி ஒன்றுதான். ஆகவே கீசரை மாற்றுவதா என்ற கேள்வி உண்மையில் உள்தொட்டி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வியே.

நவம்பர் 9

எலக்ட்ரீஷியன் வந்து மின் இணைப்பைத் துண்டித்து, நீரை வடித்து, அடியிலிருந்த மூடித்தகடான ஃபிளாஞ்சைக் கழற்றினார். வடிந்த நீரோடு முட்டை ஓட்டுத் துண்டுகளைப் போன்ற வெண்மையான சில்லுகள் வாளியில் விழுந்தன. அவற்றைவிட என் கண் தேடியது தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் தண்டான ஆனோட் ராடைத்தான். பொருத்தும்போது விரல் பருமனில் இருக்கும் அந்த மெக்னீசியம் தண்டில் இப்போது நடுவிலுள்ள மெல்லிய எஃகுக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. நுனியருகே இரண்டொரு இடத்தில் கரடுமுரடான சாம்பல்நிறக் கட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

எஃகுத் தொட்டியின் உட்புறத்தில் கண்ணாடிப் பூச்சு உண்டு என்றாலும் அதில் நுண்ணிய துளைகள் இல்லாமல் இராது. அந்த இடங்களில் எஃகு அரிபடாமல், அதற்குப் பதிலாகத் தான் கரைந்து காப்பதே மெக்னீசியத்தின் வேலை. போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகள் அரிபடாதிருக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்தலாம் என்று 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி காட்டிய அதே வழிதான் இது. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் குளியலறைச் சுவரில் அது தொடர்ந்து வேலை செய்வதை நினைக்க வியப்பாக இருக்கிறது. தண்டு தீர்ந்த பின்னர் அரிப்பு எஃகின் மேல் திரும்பிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தபோது வெல்டிங் செய்து இணைத்த விளிம்பை ஒட்டிப் பழுப்புநிறக் கோடுகள் தெரிந்தன.

நவம்பர் 10

சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவதைக் கண்டு தொட்டி ஓட்டையாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 25 லிட்டர் நீரை 25 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும்; அந்தக் கூடுதல் நீர் வந்த குழாய்வழியே திரும்பிப் போக முடியாவிட்டால் வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சொட்டுகிறது என்பதற்காக அதை அடைத்துவிடுவது உயிருக்கே ஆபத்து. சூடு ஆறிய பிறகும் நிற்காத கசிவும், உறையின் அடிவிளிம்பில் தோன்றும் ஈரமுமே கவலைக்குரியவை.

இன்று காலை வெள்ளை வாளிகளில் இரண்டு குழாய்களின் நீரையும் பிடித்து வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த நீர் தெளிவாக இருந்தது. வெந்நீரில் மட்டும் துரு நிறம்.

நவம்பர் 14

புதியது வாங்கினால் மின்கட்டணம் குறையும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பழைய காயிலானாலும் புதிய காயிலானாலும் உள்ளே செல்லும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகி நீருக்கே போகிறது. மேற்சொன்ன 25 லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் செலவாவதை எந்தப் புதுக் காயிலாலும் குறைக்க முடியாது. வெப்பக்காப்பு மேம்பட்டிருந்தால் சும்மா நிற்கும்போது ஆறும் சூடு மிச்சமாகும், அவ்வளவே. காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்ப் மட்டும் இதற்கு விலக்கு. அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்துவிடும், ஆனால் அதற்கு இடமும் காற்றோட்டமும் வேண்டும், எங்கள் குளியலறையில் இரண்டும் இல்லை.

எனவே நான் மாற்றத் தீர்மானித்தது கட்டணத்துக்காக அன்று. தொட்டி இன்னும் ஒழுகவில்லை. காயிலையும் ஆனோடையும் புதிதாகப் போட்டால் சில காலம் ஓடக்கூடும். ஆயினும் வெல்டிங் விளிம்பு அரிக்கத் தொடங்கிய தொட்டிக்குள் புதுப் பாகங்களை வைப்பது வீண் செலவு. ஒழுகும்வரை காத்திருந்தால் அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதையே வாங்கும்படி ஆகும். இன்றோ ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்கிறது.

நவம்பர் 20

அதே 25 லிட்டர் கொள்ளளவுள்ள கீசருக்குச் சொல்லியாயிற்று. ஆனோட் ராடு தனியாகக் கிடைக்கும் மாடலா என்பதையும், உள்தொட்டிக்குத் தரும் உத்தரவாதம் மற்ற பாகங்களுக்குத் தருவதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் விசாரித்த பின்னரே முன்பணம் கொடுத்தேன். தண்டை நேராகக் கீழிறக்கிக் கழற்ற இடம் வேண்டும் என்பதால், பழைய கீசர் இருந்த இடத்தைவிடச் சற்று உயரமாக மாட்டித் தரும்படி பிளம்பரிடம் கேட்டிருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை அதைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறேன்.