மனைக்கு மேலே போன ஹெச்.டி. லைனைத் தள்ளிப் போட்ட கதை

ஈரோட்டுக்கு வெளியே நாங்கள் வாங்கிய மனையின் குறுக்கே 11 கிலோவோல்ட் லைன் போனது. மனை விலை கொஞ்சம் படிந்து வந்ததற்கும் அதுதான் காரணம். "ஈ.பி.ல பணம் கட்டுனா தள்ளிப் போட்டுத் தருவாங்க" என்றார் விற்றவர். பணம் மட்டும் கட்டினால் வேலை ஆகாது, ஆனால் ஆகக்கூடிய வேலைதான்.

முதலில் மேலே போவது எந்த லைன் என்று தெரிய வேண்டும். 650 வோல்ட்டுக்கு மேல் 33 கிலோவோல்ட் வரை ஹெச்.டி., அதாவது உயர் அழுத்த லைன்; அதற்கும் மேலே போனால் ஈ.ஹெச்.டி., மிகை உயர் அழுத்தம். கம்பத்தின் உச்சியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் மூன்றே கம்பி ஓடினால் பெரும்பாலும் ஹெச்.டி. இரும்புக் கோபுரத்தில் போகும் 110, 230, 400 கிலோவோல்ட் லைன் என்றால் மனையை மறந்துவிடுவதே நல்லது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் லைன் வகையறாவெல்லாம் நம் விண்ணப்பத்துக்கு நகர்கிற ஜாதி இல்லை.

லைனை நகர்த்தாமலே கட்ட முடியுமா என்றுதான் நாங்களும் முதலில் பார்த்தோம். 11 கிலோவோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், கட்டடத்தின் உச்சிக்கு மேலே 3.7 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. டேப் பிடித்து அளந்துவிட்டால் போதாது. வெயிலில் கம்பி நீண்டு அதிகபட்சமாகத் தொங்கும் நிலையிலும், காற்றில் அதிகபட்சமாக ஆடும் நிலையிலும் அந்த இடைவெளி தேற வேண்டும். மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி என்று கூட்டிப் பார்த்தால் எங்களுக்குத் தேறவில்லை. கட்டும்போது வேறு ஆபத்து: கடையில் வரும் முறுக்குக் கம்பி 40 அடி நீளம். அதை ஒரு ஆள் நிமிர்த்திப் பிடித்தால் போதும்.

அந்த லைனுக்கு மேலுறை கிடையாது. சுற்றியுள்ள காற்றுதான் இன்சுலேஷன். இது மண்டையில் ஏறிய பிறகு ஈ.பி. ஆபீசில் ஒவ்வொரு அடிக்கும் ஏன் அவ்வளவு கறாராகப் பேசுகிறார்கள் என்பது விளங்கிவிட்டது.

இவ்வளவு ஆபத்தான வோல்டேஜை எதற்கு ஊருக்குள் கொண்டுவருகிறார்கள் என்று என் மனைவி கேட்டாள். தெருமுனை 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். முழு லோடில் 433 வோல்ட் பக்கம் சுமார் 133 ஆம்பியர் ஓடும். அதே மின்சாரம் 11 கிலோவோல்ட் பக்கம் 5 ஆம்பியர் சொச்சம்தான். கம்பி சூடாகி வீணாவது கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால், அதே கம்பியில் இழப்பு 600 மடங்குக்கு மேல் குறைகிறது. சுண்டுவிரல் பருமன் அலுமினியக் கம்பியில் ஒரு ஊருக்கே கரண்ட் வருவது இதனால்தான்.

விண்ணப்பம் பிரிவு அலுவலகத்தில். பட்டா நகல், பத்திர நகல், மனையின் வரைபடம் கேட்டார்கள். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போடுவார். செலவு முழுக்க நம்முடையது, டி.சி.டபிள்யூ. என்பார்கள். கம்பம், கம்பி, கம்பத்தின் குறுக்குச் சட்டமான கிராஸ் ஆர்ம், இழுவைக் கம்பியான ஸ்டே, கூலி எல்லாம் அதில் அடங்கும். லைன் திரும்பும் இடத்தில் கம்பத்தை இழுத்துப் பிடிக்க ஸ்டே வேண்டும், அதனால் மூலை கூடக் கூடச் செலவும் கூடும். எங்கள் லைனை ரோட்டோரமாகத் திருப்பியதில் இரண்டு மூலை விழுந்தது.

இதில் இழுத்தடித்தது ஆபீஸ் இல்லை, பக்கத்துக் காட்டுக்காரர். ஒரு ஸ்டே அவர் வரப்பில் இறங்க வேண்டும். "பதினோராயிரம் வோல்ட்டுங்கறீங்க, எங்கூட்டுல கொசு பேட்டுலயும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலதான் இருக்குது. என்னத்த ஆயிப்போச்சு? அது பாட்டுக்கு மேல போவுட்டுமுங்க தம்பி" என்றார். கூட வந்த லைன்மேன் சிரிக்கவில்லை. "பேட்டுல கெப்பாசிட்டர்ல தேங்கி நிக்கறது துளிங்கண்ணா, ஒரு பொறியோட தீந்துரும். உங்க பைக் ஸ்பார்க் பிளக்குல அதுக்கும் மேல, பல ஆயிரம் வோல்ட் பாயுது, அதுவும் அப்படித்தான். இதுக்குப் பின்னால சப்ஸ்டேஷனே நிக்குதுங்க" என்றார். அன்றைக்கு ஒன்றும் சொல்லாத காட்டுக்காரர், பிறகு வரப்பு ஓரமாக என்றால் சரி என்று கையெழுத்துப் போட்டார்.

வேலை நடந்த நாளில் நான் பக்கத்திலேயே நின்றேன். சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, லைனை அணைத்து வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியர் வாங்கினார்கள். லைனைத் துண்டிக்கக் கம்பத்தில் இருக்கும் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இழுத்துத் திறந்து பூட்டினார்கள். அத்தோடு ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன், ஏறவில்லை. நீளக் கழியில் கொக்கி மாட்டி, வேலை நடக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் மூன்று கம்பியையும் எர்த் செய்தார்கள். அணைத்த லைனுக்கு எர்த் எதற்கு என்று ஃபோர்மேனிடம் கேட்டேன்.

"டிரான்ஸ்பார்மர் ரெண்டு பக்கமும் வேலை செய்யும் சார்" என்றார். கரண்ட் போனதும் யாராவது, ஈ.பி. லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் சொருகினால், அந்த 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் திரும்பிப் போகும். 11,000-ஐ 433 ஆக இறக்குகிற அதே சுருள்கள் இப்போது ஏற்றிக் கொடுக்கும். செத்த லைன் என்று நம்பி மேலே கை வைத்தவர் கதி என்ன? எர்த் போட்டிருந்தால் அப்படி வரும் கரண்ட் தரைக்கு இறங்கிவிடும், ஜெனரேட்டரும் திணறி நின்றுவிடும். ஷட்டவுன் அன்று பவர் கட்டுக்குச் சலித்துக்கொள்கிற நாம் இதை யோசிப்பதே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். பழைய கம்பியை இறக்கி, புதுக் கம்பங்களில் ஏற்றி, தொய்வைக் கண் அளவிலேயே சரி பார்த்தார்கள். அந்தக் கண் எனக்கு வராது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் 6.1 மீட்டர் உயரம் இருக்கிறதா என்று மட்டும் அளந்தார்கள். எர்த்தை எடுத்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தபோது மாலையாகிவிட்டது.

அதே வாரத்தில் காட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். மோட்டாருக்கு ஜெனரேட்டர் வைத்திருக்கிறாராம். "அந்த சேஞ்ச்ஓவர் சுவிட்சு என்ன வெலைங்க தம்பி? மாட்டறதுக்கு நல்ல எலக்ட்ரீசியன் யாராச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.