குரோமை ரீசெட் செய்யும் முன்: எந்த கிளியர் எதை அழிக்கும்?

ஆண்ட்ராய்டு போனில் குரோம் திணறினால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கிளியர் டேட்டா குடுத்துடு, சரியாயிடும்." பல நேரம் சரியாகவும் ஆகிவிடும். ஆனால் கிளியர், டெலீட் என்ற பெயரில் போனில் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. மூன்றும் செய்வது வேறு வேறு வேலை. ஒன்று எதையும் கெடுக்காது. ஒன்று போனில் இருப்பதை மட்டும் துடைக்கும். மூன்றாவது, கவனிக்காமல் விட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஹிஸ்டரியையும் சேர்த்து அழித்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை இழப்பவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் குரோமில் "ரீசெட் செட்டிங்ஸ்" என்று தனியாக ஒன்று உண்டு. போனில் உள்ள குரோமில் அது கிடையாது. போனில் ரீசெட் என்று நாம் சொல்வதெல்லாம் கீழே வரும் இரண்டாவது பொத்தானைத்தான்.

முதல் பொத்தான் போனின் செட்டிங்ஸில் இருக்கிறது. ஆப்ஸ், அதில் குரோம், அதில் "ஸ்டோரேஜ் அண்ட் கேஷ்", அங்கே "கிளியர் கேஷ்". போகும் பாதையின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். குரோம் ஐகானை அழுத்திப் பிடித்து "ஆப் இன்ஃபோ"வைத் தொட்டால் எந்தப் போனிலும் நேராக அங்கே போய்விடலாம். இது அழிப்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும். லாகின் போகாது, டேப் போகாது. தயங்காமல் செய்யலாம். ஆனால் தினமும் செய்தால் நஷ்டம்தான்: அழித்த படங்களையும் கோப்புகளையும் குரோம் மறுபடி நெட்டில் இருந்து இறக்க வேண்டும். டேட்டாவும் செலவாகும், பக்கமும் மெதுவாகத் திறக்கும்.

இரண்டாவது அதே திரையில் இருக்கும் "கிளியர் ஸ்டோரேஜ்". குரோமுக்கு மட்டும் பெரும்பாலும் "மேனேஜ் ஸ்பேஸ்" என்று காட்டும், உள்ளே போனால் "கிளியர் ஆல் டேட்டா". இதுதான் முழு ரீசெட். குரோம் இன்றுதான் வந்த ஆப் போல ஆகிவிடும். ஆனால் அழிவது போனில் இருக்கும் பிரதி மட்டுமே. கூகுள் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருக்கும் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், திரும்ப சைன் இன் செய்ததும் வந்து சேரும்.

மூன்றாவது குரோமுக்குள்ளேயே, மூன்று புள்ளி மெனுவில் இருக்கும் "டெலீட் பிரவுசிங் டேட்டா". ஆபத்து இங்கேதான். கணக்கு சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் (அதாவது, உங்கள் கருவிகள் எல்லாம் ஒரே தரவைப் பகிர்ந்துகொண்டிருந்தால்) ஹிஸ்டரியை இங்கே அழிப்பது கணக்கிலேயே அழிப்பது. உங்கள் பதிப்பில் பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் ஆகியவற்றுக்கும் கட்டம் இருந்து, அதில் டிக் போட்டு "ஆல் டைம்" என்று கொடுத்தால் அவையும் எல்லாக் கருவிகளிலும் போய்விடும். வேகத்துக்காக இங்கே வருபவர்கள் டிக் போட வேண்டியது "கேஷ்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்" ஒன்றுக்குத்தான். தேவைப்பட்டால் குக்கிக்கும் (லாகின் போன்றவற்றை நினைவில் வைக்கத் தளங்கள் போனில் போட்டுவைக்கும் சிறு குறிப்பு). மற்றக் கட்டங்களுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ரீசெட்டுக்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. லாகின் கேட்காத, ஆனால் மெதுவாகத் திறக்கும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இன்காக்னிட்டோ டேபில் (பழைய குக்கி எதுவும் இல்லாமல் திறக்கும் தனி டேப்) திறந்து பாருங்கள். அங்கே சட்டென்று திறந்தால் சேர்ந்துபோன குக்கி அல்லது தளத் தரவுதான் காரணம், துடைத்தால் பலன் கிடைக்கும். அங்கேயும் அதே திணறல் என்றால் அடுத்து வேறொரு பிரவுசரில் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் குரோம் மேல் பழி இல்லை. நெட்வொர்க், விபிஎன், போன் செட்டிங்ஸில் யாரோ போட்டுவைத்த பிரைவேட் டிஎன்எஸ் (தள முகவரியைத் தேடித்தரும் சர்வரை மாற்றும் அமைப்பு), அல்லது நிரம்பி வழியும் ஸ்டோரேஜ் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். ஸ்டோரேஜ் கடைசிச் சொட்டு வரை நிரம்பிய போனில் எந்த ஆப்பும் ஒழுங்காக ஓடாது. குரோமை ரீசெட் செய்து கிடைக்கும் சில நூறு எம்பியை வைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

டேப் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. எண்ணிக்கை நூறைத் தொட்டதும், டேப் எண்ணிக்கையைக் காட்டும் சிறு சதுரத்துக்குள் எண் போய் சிரித்த முகம் வந்துவிடும். அதைப் பார்த்ததும் நூறு டேபும் ரேமைத் தின்கின்றன என்று பயப்படுகிறார்கள். அப்படியில்லை. பின்னால் கிடக்கும் டேப்களில் பெரும்பாலானவை வெறும் முகவரியாகத்தான் இருக்கும், தொட்டால்தான் உயிர்பெறும். ரேமைத் தின்பது கடைசியாகத் திறந்த இரண்டு மூன்று கனமான பக்கங்கள். 3 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ள போனில் படிவம் நிரப்பிக்கொண்டே இருக்கும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலில் இருந்து லோட் ஆகும், எழுதியதெல்லாம் காணாமல் போகும். இது குரோமில் கோளாறு அல்ல. இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அந்தப் பக்கத்தை வெளியே தள்ளிவிடுகிறது. ரீசெட் செய்தாலும் இது தீராது. படிவம் நிரப்பும் முன் மற்ற ஆப்களை மூடுங்கள். ஓடிபி வரும்போது மேலே எட்டிப்பார்க்கும் நோட்டிஃபிகேஷனிலேயே படித்துக்கொள்ளுங்கள், ஆப் மாறாதீர்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் மக்கர் செய்கிறது என்றால் முழு ரீசெட் தேவையே இல்லை. இதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் குழப்புவது இதுதான். தளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், மற்றவர்களுக்குப் புதிய பக்கம் வருகிறது, உங்கள் போனில் மட்டும் பழைய பக்கம், "சப்மிட்" அழுத்தினால் அசைவே இல்லை. பத்து முறை கிளியர் கேஷ் கொடுத்தும் மாறவில்லை. பல தளங்கள் சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரலைப் போனில் இறக்கிவைக்கும். நெட் இல்லாதபோதும் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்காக அது தன் கோப்புகளைத் தனியாகச் சேமித்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பு, கேஷ் கணக்கில் வராது, குக்கியோடு சேர்ந்த தளத் தரவுக் கணக்கில் வரும். அதனால்தான் கேஷை எத்தனை முறை துடைத்தாலும் பழைய பக்கமே வந்து நிற்கிறது.

தீர்வு எளிது. அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சிறிய ஐகானைத் தொடுங்கள். "குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா" என்ற வரிக்குள் போய்க் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துங்கள். அந்தத் தளத்தில் மட்டும் லாகின் போகும், வேறு எங்கும் போகாது. பாதி எழுதிச் சேமித்த வரைவு ஏதாவது அந்தத் தளம் போனிலேயே வைத்திருந்தால் அதுவும் போகும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தளம் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அறிய குரோம் செட்டிங்ஸில் "சைட் செட்டிங்ஸ்", அதில் "டேட்டா ஸ்டோர்டு" பாருங்கள்.

அதே "சைட் செட்டிங்ஸ்" பட்டியலில் "டெஸ்க்டாப் சைட்" ஆன் ஆகி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு தளத்துக்காகப் போட்டுவிட்டு மறந்தால், எல்லாப் பக்கமும் கம்ப்யூட்டருக்கான கனத்தோடு வந்து இறங்கும், எழுத்தும் எறும்பு அளவில் தெரியும்.

விளம்பரத் தொல்லையைப் பலர் வேகக் குறைவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். "நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்" என்று கேட்ட பக்கத்தில் அழுத்தியிருந்தால், அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். வைரஸ் இருக்கிறது என்று மிரட்டும் செய்திகள் அங்கிருந்துதான் வரும். "சைட் செட்டிங்ஸ்", "நோட்டிஃபிகேஷன்ஸ்" போய் அறிமுகமில்லாத தளத்தை எல்லாம் தடுத்துவிடுங்கள். குரோமைத் திறக்காமலேயே விளம்பரம் திரையை மறைத்து நிற்கிறதா? அப்போது குற்றவாளி வேறொரு ஆப். போன் செட்டிங்ஸில் "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்" அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள், டார்ச், கிளீனர், வால்பேப்பர் வகையறா அங்கே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்காமல் குரோமை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

இவ்வளவும் பார்த்து, இன்னும் திணறினால் முழு ரீசெட். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

குரோம் செட்டிங்ஸின் மேலேயே கணக்கின் பெயர் இருக்கும். எந்தக் கணக்கு, சிங்க் ஓடுகிறதா என்று பாருங்கள். புக்மார்க்ஸைத் திறந்து "ஒன்லி ஆன் திஸ் டிவைஸ்" என்ற தலைப்பின் கீழ் ஏதாவது இருந்தால் அது கணக்கில் ஏறவில்லை, ரீசெட்டில் போய்விடும். முதலில் கணக்குக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டுகளை இன்னொரு கருவியில் அதே கணக்கில் போய் ஒரு முறை கண்ணால் பாருங்கள், இருக்கும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். "எக்ஸ்போர்ட்" செய்து கோப்பாகவும் எடுக்கலாம், ஆனால் அந்தக் கோப்பில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வைப்பதெல்லாம் வேண்டாம்.

திறந்திருக்கும் டேப்கள் கட்டாயம் போகும். டேப் பட்டியலில் மூன்று புள்ளி, "செலக்ட் டேப்ஸ்", எல்லாவற்றையும் தேர்ந்து மறுபடி மூன்று புள்ளியில் "புக்மார்க் டேப்ஸ்" கொடுத்தால் மொத்தமும் புக்மார்க்காகிவிடும். டவுன்லோட் செய்து முடித்த கோப்புகள் போனின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும், குரோமில் தெரியும் பட்டியல் மட்டும் காலியாகும். பாதியில் நிற்கும் டவுன்லோட் போய்விடும். ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக வைத்த தளங்களிலும் லாகின் போகும், அவையும் குரோமின் தரவையே பயன்படுத்துகின்றன. வங்கியின் சொந்த ஆப் போன்றவற்றுக்கு எதுவும் ஆகாது. ரீசெட் முடிந்தபின் பல தளங்கள் உங்களைப் புதிய கருவியாக நினைத்து ஓடிபி கேட்கும், எனவே அந்த நம்பர் உள்ள சிம் கையில் இருக்க வேண்டும். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டிய காலையில் இதைத் தொடாதீர்கள்.

ஆப் இன்ஃபோவில் முதலில் "ஃபோர்ஸ் ஸ்டாப்", பிறகு "கிளியர் ஆல் டேட்டா". திறந்ததும் உடனே சைன் இன் செய்ய வேண்டாம். கணக்கில்லாமல் தொடரும் வழியைத் தேர்ந்து, முதலில் திணறிய அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே சேராத குரோமிலும் அது திணறினால் காரணம் தரவில் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். சரளமாக ஓடினால் சைன் இன் செய்யுங்கள். குரோமின் ஃபிளாக்ஸ் (சோதனை அம்சங்கள்) பக்கத்தில் "வேகம் கூடும்" என்று வீடியோ பார்த்து மாற்றியதெல்லாம் இந்த ரீசெட்டிலேயே பழைய நிலைக்கு வந்திருக்கும், அங்கே திரும்பப் போகாதீர்கள்.

குரோம் திறந்த உடனே மூடிக்கொண்டால் இன்னொரு படி இருக்கிறது. பெரும்பாலான போன்களில் குரோம் சிஸ்டம் ஆப், அன்இன்ஸ்டால் ஆகாது. ஆப் இன்ஃபோவின் மேல் மூலையில் மூன்று புள்ளியில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" கொடுத்தால் போனோடு வந்த பழைய பதிப்புக்குப் போகும், தரவும் அழியும். அந்தப் பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும், ஒரு தளத்தைக்கூடத் திறக்காமல் நேராக பிளே ஸ்டோருக்குப் போய் அப்டேட் செய்யுங்கள். கூடவே "ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ"வையும் அப்டேட் செய்யுங்கள். மற்ற ஆப்கள் தங்களுக்குள் வலைப்பக்கம் காட்டப் பயன்படுத்தும் பாகம் அது. 2021 மார்ச்சில் அதில் வந்த ஒரு பிழையால் ஜிமெயில் உட்பட பல ஆப்கள் திறந்ததும் மூடிக்கொண்டன. வெப்வியூவையும் குரோமையும் அப்டேட் செய்த பிறகே சரியாயிற்று.

ஐபோனில் கேஷை மட்டும் துடைக்க ஆப்புக்கு வெளியே வழி இல்லை. குரோமை முழுதாகப் புதுப்பிக்க ஆப்பை "டெலீட்" செய்து திரும்பப் போட வேண்டும். "ஆஃப்லோட்" செய்தால் தரவு அப்படியே தங்கும், எதுவும் மாறாது. சஃபாரியில் "கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா" கொடுக்கும்போது, ஐகிளவுடில் சேர்ந்த மற்ற ஆப்பிள் கருவிகளிலும் ஹிஸ்டரி போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 8, 9 போன்களுக்கு குரோம் 138தான் கடைசி, 139 முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். அந்தப் போனில் ரீசெட் செய்தால் குப்பை குறையும், ஆனால் புதிய பதிப்பு வராது, புதிதாகக் கட்டிய தளங்கள் சில உடைந்தே தெரியும். பிளே ஸ்டோரில் உங்கள் பதிப்புக்கு ஃபயர்பாக்ஸ் இன்னும் அப்டேட் ஆகிறதா என்று பாருங்கள், ஆனால் படிக்கவும் தேடவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைமாறும் வேலையை வீட்டில் உள்ள வேறு புதிய போனுக்கு மாற்றிவிடுங்கள்.