ரேம் இருக்கிறது, ஆனால் இடமில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் ஒரு கடை. லோரி எடை போடும் ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர், 4 ஜிபி ரேம், லினக்ஸ். யுஎஸ்பி வைஃபையில் ஓடுகிறது. சில நாள் ஒழுங்காக ஓடும், பிறகு நெட் அறுந்துபோகும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். “தம்பி, ரேம் பத்தலைன்னா வாங்கிப் போட்டுரு, லோரிக்காரனுங்க கத்துறானுங்க” என்றார் கடைக்கார அண்ணன்.

அறுந்திருந்த நேரத்தில் போய்ப் பார்த்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பதிவில் ‘பேஜ் அலொக்கேஷன் ஃபெயிலியர், ஆர்டர் 4’, அதாவது கேட்ட நினைவகம் கிடைக்கவில்லை என்று வரிசையாகக் கிடந்தது. ஆனால் ‘ஃப்ரீ’ கட்டளையோ 300 எம்பிக்கு மேல் காலி என்கிறது. இரண்டுமே உண்மை.

கர்னல் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், 1 என்றால் இரண்டு, 4 என்றால் ஒட்டியபடி 16 பக்கம், அதாவது 64 கேபி. வைஃபையை இயக்கும் டிரைவர் நிரல் கேட்டது அந்த 64 கேபியைத்தான். தோட்டத்து லயத்தில் இருபது வீடு காலியாக இருந்தும், கல்யாணத்துக்கு வந்த கூட்டத்துக்கு அடுத்தடுத்து எட்டு வீடு கிடைக்காத கதைதான் இது.

‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘பட்டிஇன்ஃபோ’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டிஎம்ஏ, டிஎம்ஏ32, நார்மல் என நினைவகத்தின் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு வரி, வரிக்குப் பதினொரு எண்; ஒவ்வொரு எண்ணும் ஓர் அளவில் எத்தனை காலித் துண்டு என்பது. இடது ஓரத்தில் 4 கேபி துண்டுகள். வலப்பக்கம் போகப்போக அளவு இரட்டிப்பாகி 4 எம்பியில் முடியும். அந்த மெஷினில் முதல் இரண்டு எண்கள் ஆயிரக்கணக்கில். ஐந்தாவதிலிருந்து வெறும் பூஜ்யம்.

துண்டுகள் ஏன் தாமாக ஒட்டவில்லை? ஒரு பக்கம் விடுபட்டால் கர்னல் அதன் ஜோடி காலியா என்று மட்டுமே பார்க்கும். 6-ஆம் பக்கத்துக்கு ஜோடி 7. பக்கத்திலேயே 5 காலியாக இருந்தாலும் 6-ஓடு சேராது; 5-இன் ஜோடி 4. ஈவிரக்கமில்லாத கணக்கு, ஆனால் வேகம் அதில்தான் இருக்கிறது. பக்க எண்ணின் இரும வடிவில் ஒரே ஒரு பிட்டை (0 அல்லது 1) மாற்றினால் ஜோடி தெரிந்துவிடும், தேட வேண்டியதில்லை. 1965-இல் நோல்ட்டன் வெளியிட்ட முறை இது, இன்னும் ஓடுகிறது.

பக்கங்களை நகர்த்தி ஒட்டிய காலியிடம் உண்டாக்கும் ‘கம்பாக்ஷன்’ 2010-இல் வெளியான 2.6.35 கர்னலிலிருந்தே உண்டு. ஆனால் நிரல்களின் பக்கங்களைத்தான் நகர்த்தலாம். கர்னலின் சொந்தப் பக்கங்கள் பெரும்பாலும் அசையாது. நடுவில் அப்படி ஒன்று உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொகுதியே பெரிதாகாது. அதனால்தான் 2.6.24 முதல் அசைவதையும் அசையாததையும் தனித்தனித் தொகுதிகளில் வைக்கப் பார்க்கிறார்கள். எங்கள் டிரைவர் கேட்டது ‘அட்டாமிக்’ வகை. காத்திருக்க முடியாத வேளையில் கேட்பதால் கம்பாக்ஷன் நடத்தி முடிக்க அவகாசமே கிடையாது. உடனே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கம்பாக்ஷனை உடனே நடத்தச் சொல்லும் ‘காம்பாக்ட் மெமரி’ கோப்பில் 1 எழுதியதும் பட்டிஇன்ஃபோவின் வலப்பக்கத்தில் எண்கள் முளைத்தன, வைஃபையும் எழுந்துகொண்டது. அது அப்போதைக்கு மட்டும். நிலையாக இருக்க ‘மின் ஃப்ரீ கேபைட்ஸ்’ மதிப்பை 131072 ஆக்கினேன், 128 எம்பி. கர்னல் எப்போதும் அவ்வளவு காலியாக வைத்திருக்கப் பார்க்கும்; பெரிய துண்டு மிஞ்ச வாய்ப்பு கூடும், உத்தரவாதம் இல்லை.

அண்ணனிடம் ரேம் வேண்டாம் என்றேன். கூடுதல் ரேமும் நாளடைவில் இப்படியே துண்டாகும். அதைவிட மதர்போர்டிலேயே இருக்கும் நெட்வொர்க் போர்ட்டுக்குக் கேபிள் இழுப்பது மேல்; அந்த டிரைவர் பக்கங்களை ஒவ்வொன்றாகவே கேட்கிறது. “அப்ப கேபிளுக்கு எவ்ளோ ஆகும்?” என்று உடனே கால்குலேட்டரை எடுத்துவிட்டார்.